வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்

அனகாபுத்தூர்,
வியாழக்கிழமை.

அன்புத் தங்கை ரோஸிக்கு,

அக்கா தபீதாள் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மஸ்கட்டில் நீயும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்கிறோம்.

வாரா வாரம் வீடியோவில் முகம் பார்க்கிற அக்கா எதற்குத் தாளை எடுத்து உட்கார்ந்தாள் என்று பயப்படாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். அதைவிட, உன் முகம் எதிரில் தெரிந்தால் நான் பாதியில் பேச்சை மாற்றி, ஊறுகாய் காலியாகிவிட்டதா என்று கேட்டுவிடுவேன். மாதக் கடைசிக்குள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று கேட்டாயே, அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம். இதை முழுக்கப் படித்துவிட்டுப் பேனாவை எடு.

உன்னோடு வேலை பார்க்கிற ரமா லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறாள் அல்லவா, அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். கூடவே எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் இருக்கும். நெத்திலிக் கருவாடு வைக்கவில்லை. ரமா சுத்த சைவம், பெட்டியில் அதை வைத்தால் பாவம், மஸ்கட்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டே வருவாள். கடிதத்தை அவள் எதிரில் பிரிக்க வேண்டாம். ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

இங்கே மழை பிடித்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, நம் தெருப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் உன் மாமா இப்போதே பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டார். பால் எடுக்க நான் எம்பி நிற்க வேண்டியிருக்கிறது. வழக்கம்போல் கேன் தண்ணீர் வண்டியை ஓட்டிக்கொண்டு, மேடவாக்கம் அப்பார்ட்மென்ட்டுகளில் மாடி ஏறி இறங்கிவிட்டு வந்து, முழங்கால் வலி என்று என்னை அதிகாரம் பண்ணுகிறார். தைலம் தேய்த்துவிட ஒரு ஆள் இருக்கிறாள், நான் இல்லை. உன் மகள் கெசியாதான். தேய்ப்பதில் பாதி அவர் வேட்டியில்.

எங்கள் நர்சரி ஸ்கூல் சங்கதியைச் சொன்னால்தான் மற்றது புரியும். காந்திமதி மேடம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, இருந்த பிளாஸ்டிக் சாமான், கடையில் வாங்கிய சார்ட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். இனிமேல் கையால் செய்த பொருளை வைத்துத்தான் கதை சொல்ல வேண்டுமாம். கதைக்குள்ளேயே எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டுமாம். யாருக்கு ஊசி பிடிக்கத் தெரியும் என்று கேட்டார்கள். எல்லா மிஸ்ஸும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

சும்மா சொல்கிறேன், பிடித்துத்தான் செய்தேன். உன் மாமாவின் ஒற்றைக்கால் சாக்ஸில் ஒரு காக்கா. பழைய மெத்தையின் பஞ்சை எடுத்து ஆமை. நெசவுக்காரர் வீட்டில் கழித்துப்போட்ட நூலைக் கேட்டு வாங்கிச் சிங்கத்துக்குப் பிடரி. கதை சொல்லும்போது நான் கட்டிக்கொள்ள ஒரு ஏப்ரன், அதில் வரிசையாகப் பாக்கெட், அ பாக்கெட்டைத் திறந்தால் அணில் வரும், ஆ பாக்கெட்டில் ஆமை. அட்டைப்பெட்டியில் ஒரு முதலை செய்தேன். முதலைக்குப் பசிக்கிறது என்று கதையை நிறுத்திவிட்டு, ஐந்து என்று எழுதிய அட்டையைக் காட்டினால், பிள்ளைகள் ஐந்து தண்ணீர்கேன் மூடியை எண்ணி அதன் வாயில் போட வேண்டும். மூடிக்குப் பஞ்சமே இல்லை, அதுதான் வீட்டில் வண்டி வண்டியாக இருக்கிறதே. தினமும் சாயங்காலம் மேஜை முழுக்க வெட்டுத்துணியும் பெவிகாலுமாகக் கிடக்கும். கெசியா என் எதிரில் உட்கார்ந்து கண் ஒட்டுவாள். காக்காவுக்கு மூன்று கண் வைத்தாள். ஏன் என்று கேட்டால், ஒன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். தலைமுடியில் பசை காய்ந்து, சீப்பு உள்ளே போகாமல் ஒருநாள் அழுகையான அழுகை.

இதில் கடைசியாகச் செய்ததுதான் வீடு. ஆளுக்கொரு கூரியர் அட்டைப்பெட்டி, கதவு வெட்டி, மேலே கூரை ஒட்டியது. ஐஸ் குச்சியில் அவரவர் வீட்டு ஆட்கள், முகம் வரைந்து துணி கட்டியது. வீட்டிலிருந்து துணித்துண்டு கொண்டுவரச் சொன்னோம். நான் பாட்டிலில் பச்சைப்பயறு போட்டுக் குலுக்கினால் மழை. மழை வந்ததும் எல்லாரும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், உள்ளே எத்தனை பேர் என்று எண்ணி நம்பர் அட்டையைக் கதவில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் கதை.

முதல் நாளே குழப்பம். தீனா என்று ஒரு வாண்டு, “எங்க வூட்ல ஏழு பேரு மிஸ்” என்கிறான். எண்ணிப் பார்த்தால் ஆறு குச்சிதான். கேட்டால், “எங்க தாத்தா போட்டோல கீறாரு மிஸ்” என்றான். ஸஹானா தன் வீட்டு ஆட்டையும் சேர்த்துவிட்டாள். “ஆடும் எங்க வூட்லதான் மிஸ் தூங்குது” என்றாள். இப்படியே விட்டால் டிவியில் வருகிறவர்கள்கூட எண்ணிக்கையில் வந்துவிடுவார்கள். அதனால் நான் ஒரு விதி போட்டேன். இன்றைக்கு ராத்திரி இந்த வீட்டில் யார் யாருக்குத் தட்டு வைத்துச் சோறு போடுவார்களோ, அவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம். பிள்ளைகள் பளிச்சென்று பிடித்துக்கொண்டார்கள். தாத்தா வெளியே, ஆடு வெளியே. காந்திமதி மேடம்கூட நல்ல யோசனை என்றார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

கெசியாவும் என் வகுப்புதானே, அவளுக்கு நான்கு குச்சி நான்தான் செய்து கொடுத்தேன். பெரியப்பாவுக்குக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு. எனக்கு என் ஊதாப் புடவை. அவளுக்கு அவள் கவுன். அவள் அப்பாதான் இல்லையே, அவருக்குக் குச்சி செய்யவில்லை. உனக்கு, பீரோவில் நீ விட்டுப்போன கிளிப்பச்சைச் சுடிதாரின் துப்பட்டா முனை. அதை வெட்டும்போதுகூட உன்னை நினைத்துக்கொண்டுதான் வெட்டினேன்.

மழை பெய்தது. பெரியப்பா உள்ளே போனார், பெரியம்மா போனாள், அவளும் போனாள். மூன்று என்று அட்டையை மாட்டினாள். கையில் பச்சைத் துணி குச்சி இருக்கிறது. இது யார் என்று கேட்டேன். “ரோஸி” என்றாள். அம்மா என்று சொல்லவில்லை. நானும் மாமாவும் வீட்டில் உன்னை ரோஸி ரோஸி என்றுதானே சொல்கிறோம். ரோஸி எங்கே இருப்பார்கள் என்றேன். போனில் என்றாள். காலியான பெரிய தீப்பெட்டி ஒன்று மேஜையில் கிடந்தது, அதைத் திறந்து உன்னைப் படுக்க வைத்து மூடினாள். மழையில் நனைய மாட்டார்களா என்று சிரிக்கப் பார்த்தேன். “அங்க மழையே வராது மிஸ்” என்றாள். நீதான் ஒருநாள் அவளிடம் அப்படிச் சொன்னாய்.

தீனா சும்மா இருப்பானா. “மிஸ், இவுளுக்கு அம்மா இல்ல மிஸ்” என்று கத்தினான். கெசியாவுக்கு வந்ததே கோபம். “இருக்குடா, இதோ நிக்கிறாங்க பாரு” என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். ரோஸி, நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவள் வீட்டுக் கதவில் சரி போட்டு ஒரு ஸ்டார் ஒட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். 

அன்று முதல் வீட்டிலும் பெரிம்மா போய்விட்டது, அம்மாதான். உன் மாமாவிடம் சொன்னேன். “கூப்ட்டா கூப்ட்டுப் போறா, இதுல இன்னா பேஜாரு ஒனக்கு” என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கே போய் அவளுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் மேல் தப்பில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்பது உனக்குத் தெரியும். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை உபவாசம் என்பதும் தெரியும். என்னை அந்தப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதும் அடுப்பில் இருந்ததைக்கூட மறந்துவிட்டு ஓடினேன். குழம்பு தீய்ந்துபோனது.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நீ கூப்பிட்டபோது பிள்ளை எங்கே என்று கேட்டாய். தூங்குகிறாள் என்றேன். அவள் தூங்கவில்லை. மேஜைக்குக் கீழே உட்கார்ந்து பூனை செய்துகொண்டிருந்தாள். ரோஸிம்மா கூப்பிடுகிறார்கள் வா என்று முதலில் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. நீ கையெழுத்துப் போடட்டுமா, உன்னால் முடியுமா அக்கா என்று கேட்டாய். தாராளமாகப் போடு, பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். நீ அழுதாய். “நீ இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்க்கா” என்றாய். எனக்கு அப்போது அழுகை வரவில்லை.

போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற கீர்த்தனை வாயில் தானாக வந்தது. “இன்னா, இன்னிக்கு ஒரே குஷியாக் கீறே” என்று உன் மாமா கேட்டபிறகுதான் நான் பாடிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. என் தங்கை பிள்ளையைப் பிரிந்து இன்னும் இரண்டு வருஷம் கிடக்கப் போகிறாள், நான் பாட்டுப் பாடுகிறேன். குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றேன். உள்ளே வந்தால் கெசியா பூனையைக் கொண்டுவந்து காட்டினாள். பூனை பச்சைச் சட்டை போட்டிருந்தது. அந்தத் துணி எங்கே இருந்து வந்தது என்று நான் கேட்கவே வேண்டாம். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த தீப்பெட்டியில் வெறும் குச்சி இருந்தது.

அவளைத் திட்டிவிடாதே. அவளுக்குப் பூனைக்குத் துணி வேண்டியிருந்தது, எடுத்தாள். அவள் மனசில் வஞ்சகம் ஏது.

திங்கட்கிழமை எல்லார் வீட்டையும் வராந்தாவில் வரிசையாக வைத்தோம். வரும் புதன்கிழமை பெற்றோர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். காந்திமதி மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து நம் வீட்டின் முன்னால் நின்றுவிட்டார்கள். மூன்று என்ற அட்டையையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். “உங்க தங்கச்சி வந்து இதைப் பார்த்தா என்ன மிஸ் சொல்வீங்க?” என்று மட்டும் கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் அந்த வராந்தாவிலேயே இன்னொரு துணி எடுத்து, குச்சிக்குப் புதிதாகக் கட்டி, உன் முகத்தை நன்றாக வரைந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இவங்கதான் உன்னைப் பெற்ற அம்மா, இவங்களையும் வீட்டுக்குள் வை, நான்கு என்று போடு என்றேன். அவள் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “நாலு தப்பும்மா. அவங்களுக்கு இன்னிக்கு நம்ம வூட்ல தட்டு கிடையாதுல்ல” என்றாள். நான் போட்ட விதியை எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். சும்மா ஒரு தடவை வைத்துப் பார் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, நான்கு போட்டால் மிஸ் ஸ்டாரைக் கிழித்துவிடுவார்கள் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மிஸ்ஸும் நான்தான், கேட்கிறவளும் நான்தான். அவள் உன்னை அவங்க என்று சொன்னதுதான் எனக்குள் குத்திக்கொண்டே இருக்கிறது ரோஸி. பக்கத்து வீட்டுக்காரர்களைச் சொல்வதுபோல் சொன்னாள்.

போன வருஷம் லீவில் வந்தபோது அவள் உன்னிடம் ஒட்டுவதற்குள் பாதி லீவு போய்விட்டது. மீதி லீவில் உன் மடியைவிட்டு இறங்கவில்லை. நீ ஏர்போர்ட்டுக்குள் போனதும் கண்ணாடிக் கதவை அடித்து அடித்து அழுதாள். அப்போது அவளுக்கு நீ யார் என்று தெரிந்திருந்தது. இன்னும் இரண்டு வருஷம் கழித்து நீ வந்தால், வாசலில் நிற்கிற உனக்கு அவள் தண்ணீர் கொண்டுவந்து மரியாதையாகக் கொடுப்பாள். அதை நீ தாங்குவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடுக்கிறார்கள். சர்ச்சில் சாராள் அக்கா சொன்னார்கள், உன் பேரைக்கூட அங்கே சொல்லி வைத்திருக்கிறார்களாம். நீ இருக்கிற இடத்துச் சம்பளத்தில் பாதிகூட வராது. குன்றத்தூர் பக்கம் இடம் வாங்குகிற உன் ஆசை கொஞ்ச நாள் தள்ளித்தான் போகும். ஆனால் வேலை இருக்கிறது. இது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஊறுகாயைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். நீ அழைக்கும்போது அவள் என் மடியில் உட்கார்ந்திருந்தால், எனக்கு அந்தச் சேதி மறந்தே போய்விடுகிறது. உண்மையில் மறக்கவில்லை. வாயில் வரவில்லை.

நீ வந்தால் எங்கே இருப்பது என்ற கவலை வேண்டாம். மாடி ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். உன் மாமா முகம் தொங்கிப்போய்த்தான் தண்ணீர்க்கேன்களை எல்லாம் கீழே இறக்கினார். சைக்கிளை மட்டும் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறார். அதை நீ ஒன்றும் சொல்லாதே, வைத்துக்கொள்ளட்டும்.

நீ வந்ததும் அவள் உடனே உன்னிடம் வந்துவிட மாட்டாள். முதலில் என் பின்னால்தான் ஒளிவாள். நான் நகர்ந்துகொள்கிறேன். அப்படிச் செய்ய எனக்குத் தைரியம் வேண்டும் என்று நீ அங்கிருந்தே ஜெபம் பண்ணு. பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றி, ஓரத்தில் அப்பளம் நொறுக்கிப் போட்டால்தான் சாப்பிடுவாள். இடது பக்கம் திரும்பித்தான் தூங்குவாள். காதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்தால் விழித்துக்கொள்வாள். இதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுத எழுத எனக்குத்தான் எதையோ யாரிடமோ ஒப்படைக்கிறதுபோல் இருக்கிறது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, நீ கூப்பிடுவாய். இந்தக் கடிதம் அப்போது உன் கைக்கு வந்திருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை படித்துவிட்டுக் கூப்பிடுவாய், நிஜமாகவே வந்துவிடட்டுமா அக்கா என்று கேட்பாய். அவள் அப்போது என் தோளில் தலை சாய்த்துக்கொண்டு இருப்பாள். நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஏதோ மனசு சரியில்லாமல் எழுதிவிட்டேன், நீ தாராளமாகக் கையெழுத்துப் போடு என்று சொல்வேன். சிரித்துக்கொண்டே சொல்வேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் ரோஸி, அப்போது நான் சொல்வதைக் கேட்காதே. என்னிடம் கேட்கவும் செய்யாதே. டிக்கெட் போட்டுவிட்டுச் சொல்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக உன் பிள்ளையிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
கெசியாவின் பெரியம்மா,
தபீதாள்.